மரியாதையும் ஒரு காதும்

ஞாயிறு காலை பத்தே காலுக்கு மேற்கு மாம்பலம் சலூனுக்குள் ஒரு பெரியவர் நுழைந்தார். பாதி வெட்டிய தலையோடு என் மகன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

"பெரியவங்க வந்தா எழுந்துக்கணும்னு மிஸ் சொன்னாங்கப்பா."

"இன்னா சார், காது போய்டும்" என்றார் முடிவெட்டுபவர்.

பவுடர் வாசனை என்னை மூன்றாம் வகுப்புக்குத் தள்ளியது. எங்கள் டீச்சரும் அதையேதான் சொல்லித்தந்தார். அன்று சலூனில் நானும் இப்படித்தான் எழுந்தேன். கத்தி காதில் இறங்கியது. ரத்தத்தைத் துடைத்தபடியே அப்பா, "என்னா மரியாதை பாருங்க" என்று கடைக்காரரிடம் பூரித்தார்.

இப்போது அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே, மகன் மறுபடி எழுந்துவிடக் கூடாதென்று ஓடிப்போய் சலூன் வாசலை மறித்தேன். நரைத்த தலைகளையெல்லாம் வெளியிலேயே நிறுத்தினேன்.

கடைசியாகக் கைத்தடி ஊன்றி வந்த தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயசானவங்கள வெயில்ல நிக்க வெக்கிறியே தம்பி, நீ எந்த ஸ்கூல்ல படிச்சே?"