முழங்கால் வரைக்கும்

பெரியம்மாவுக்கு ஆராய்ச்சிப் பண்ணையில் பத்தொன்பது வருடமாகக் களையெடுக்கும் வேலை. கோரையைக் கிழங்கோடு தோண்டாமல் விடமாட்டாள் என்பதால் எல்லோருக்கும் அவள் கோரையக்கா. அதே பண்ணை அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்கிறேன். அவளை வேலையைவிட்டு நிறுத்தும் கடிதத்தை அடித்ததும் நான்தான்.

களை எவ்வளவு விளைச்சலைத் தின்கிறது என்று பார்க்க, மக்காச்சோளத்தில் இரண்டு பாத்திகள். சிவப்புக் குச்சி நட்டதில் விதைத்த பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் களையெடுக்க வேண்டும். வெள்ளைக் குச்சி நட்டதைக் கடைசிவரை தொடக் கூடாது. பிடுங்கும் முன் சோதனைக்குப் பொறுப்பான அதிகாரி இரும்புச் சட்டத்தை மண்ணில் வைத்து, அதற்குள் இருக்கும் களைகளை எண்ணிக் குறிப்பார். அவர் எண்ணாமல் ஒரு புல்லைத் தொட்டாலும் குற்றம்.

பதினான்காம் நாள் அவர் சட்டத்தை அலமாரியில் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார். பெரியம்மா போனில் கெஞ்சினாள்.

"சார், புல்லு பயிர அமுக்குது."

"நான் வந்து எண்ணாம கை வெச்சீங்க, அவ்வளவுதான்."

வந்தது நாற்பத்தோராம் நாள். எண்ணினார், எடுக்கச் சொன்னார், எடுத்தாள். அதற்குள் உரம், வெளிச்சம் எல்லாவற்றையும் களை வழித்துத் தின்றிருந்தது. அறுவடையில் சிவப்புப் பாத்திக் கதிர்களில் பாதி மணிகூடப் பிடிக்கவில்லை. அதிகாரி குறிப்பேட்டில் கூசாமல் 15, 30 என்று போட்டார். சரியாகக் களையெடுக்கவில்லை என்று பழியை அவள் தலையில் கட்டினார்.

கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நல்லா அடிச்சிருக்கடா. ஒரு எழுத்துப் பிழை இல்ல."

எனக்குக் காது எரிந்தது.

வயலுக்குப் போய் இரண்டு சோளத் தட்டைகளை வேரோடு பிடுங்கி வந்தாள். பண்ணை இயக்குநர் மேசையில் கடிதத்தை வைத்து, அதன் மேலேயே போட்டாள். மண் சிதறியது.

"இது வெள்ளக் குச்சி, இது செவப்பு. முழங்கால் வரைக்கும் தடவிப் பாருங்க சார், ரெண்டும் ஒரே நோஞ்சான். அதுக்கு மேலதான் செவப்பு தடிச்சிருக்கு. பதினஞ்சாம் நாளு களையெடுத்த செடி அடியில இப்படியா இருக்கும்?"

"மழை, மண்ணு, ஆயிரம் காரணம் இருக்கும்," என்றார் பக்கத்தில் நின்ற அதிகாரி.

"இருக்கும். உங்களுக்குப் பயிற்சி இருந்துச்சு. செடிக்கு யாரு சார் லீவு குடுத்தா?"

இயக்குநர் தட்டைகளைத் தடவினார். அவர் கேட்கும் முன்பே பயிற்சி உத்தரவை எடுத்து நீட்டினேன். இருபத்தேழு நாள். கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

"சரி, வேலையப் பாருங்கம்மா."

அவள் நகரவில்லை. "கடுதாசி கிழிஞ்சாச்சு. குறிப்பேட்டுல இருக்கிற பொய்ய யாரு கிழிப்பா? காலத்துல களையெடுத்தும் வெளையலன்னு எவனாவது படிச்சுட்டு, எடுக்காமலே விட்டுருவான்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். இரண்டு எண்களையும் அடித்து, 41 என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை நின்றாள். மை காயும்வரையும் நின்றாள்.

"அந்த அலமாரிச் சாவிய இப்படிக் குடுங்க."

அடுத்த போகம் முழுக்க அது அவள் இடுப்பில்தான் தொங்கியது. என்னோடு பேச மட்டும் அவளுக்குப் பதினைந்து நாள் ஆனது.