கிபிரின் வயிறு

பகல் முழுக்கத் துருவை மறைப்பதுதான் என் தொழிலாக இருந்தது. கினிகத்தேனையில், கொழும்பு வீதியோரம், ஒரு கராஜில் பதினெட்டு வருடம் வாகனங்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். மலைநாட்டு மழையில் ஊறி ஊறிக் கதவின் அடிப்பக்கம் கரைந்துபோன வேன்கள் வரும். உரசி, பட்டி பூசி, மறுபடி உரசி, பெயிண்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி அனுப்பி வைப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இதற்கு நேரெதிரான வேலை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி உள்ளங்கையை விடச் சற்றே பெரிய போர் விமானம் செய்வேன். பளபளவென்று நிற்கும் அதை, பத்து வருடம் உழைத்துக் களைத்தது போல அழுக்காக்குவேன்.

"பகல்ல இருக்குற அழுக்க எடுக்குறீங்க, அந்திக்கு இல்லாத அழுக்க பூசுறீங்க. ஒங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று என் மனைவி கேட்பாள்.

அந்தக் கராஜ் இன்று இல்லை. அந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். பஸ்ஸில் அந்த வளைவைக் கடக்கும்போது எனக்கு மட்டும் தின்னர் வாசம் அடிக்கும். ஒருநாளும் சரியாகப் பாடாத ரேடியோ, மதியத்துக்கு மேல் கேட்காமலே உள்ளே வந்து நிற்கும் பனி, தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் சுத்தியல் சத்தம், எல்லாம் நினைவுக்கு வரும். அப்போது அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். இப்போது அதற்காக ஏங்குகிறேன் என்றால் என் புத்தியை என்ன சொல்வது.

இந்தப் பைத்தியம் பிடித்ததும் அங்கேதான். நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் வேனைப் பெயிண்டுக்கு விட்டார். பின்பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி கிடந்தது. உள்ளே சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு படத்தாள். மகன் வளர்ந்துவிட்டான், வேண்டுமானால் வைத்துக்கொள் என்றார். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைத் தகர வீடு ஒன்றில் பிறந்து, விமானத்தை எறும்பளவில் வானத்தில் மட்டுமே பார்த்தவன் நான். அன்று சாயங்காலம் மேசையில் அதன் சக்கரத்தை ஒட்டினேன். விமானத்துக்குச் சக்கரம் இருக்கிறது என்பதையே அன்றுதான் யோசித்தேன்.

ஒட்டுவது சுலபம். அழுக்காக்குவதுதான் வித்தை. நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கான அந்த அளவில் நீங்கள் ஒரு மில்லிமீற்றர் கோடு இழுத்தால் நிஜ விமானத்தில் அது ஏழு சென்டிமீற்றர் அகலம். கொஞ்சம் கை தவறினாலும் விமானம் சேற்றில் விழுந்த எருமையாகிவிடும். கடையில் விற்கும் பொடிகள் நம் ஊருக்கு வருவதில்லை. அடுப்புக்கரியை இடித்து மல்துணியில் சலித்து, இயந்திரம் புகை விடும் வாயில் பூசினேன். தேயிலை பிடுங்கிப்போட்ட மலையிலிருந்து செம்மண் எடுத்துச் சக்கரத்தில் தடவினேன். கட்டியாகக் காய்ச்சிய தேயிலைச் சாயத்தால் எண்ணெய் வடிந்த கறை போட்டேன். சாயம் பெயிண்டில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு துளி கலந்தபிறகு சொன்னபடி கேட்டது. இதைக் கண்டுபிடித்த அன்று தெருவில் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுச் சொல்ல ஆசையாக இருந்தது. கேட்க ஆள்தான் இல்லை.

கல்யாணமாகும்போது கண்ணாடி அலுமாரியில் ஏழு விமானங்கள் நின்றன.

என் மனைவியும் தோட்டத்து வழிவந்தவள்தான். ஆனால் பிறந்தது கிளிநொச்சியில். அவள் அப்பா அம்மா ஒரு காலத்தில் மலையை விட்டு வடக்கே போய், காடு வெட்டிக் குடியேறியவர்கள். யுத்தம் முடிந்தபிறகு மிஞ்சியவர்கள் அக்கரப்பத்தனைச் சொந்தக்காரர்களிடம் திரும்பி வந்தார்கள். அப்படித்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் அலுமாரி முன்னால் போய் நின்றாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாராட்டப்போகிறாள் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"இதுல கிபிர் இருக்கா?"

"இல்ல."

"அத மட்டும் கட்டாதீங்க. வேற எதுக்கும் நான் ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கிபிர் எது என்று வடக்கில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முக்கோணச் சிறகோடு அவர்கள் தலைக்கு மேலே பறந்த ஜெட் அது. நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதற்குப் பிறகு மற்ற விமானங்களோடு அவள் சண்டைக்குப் போகவில்லை. அடுப்புக்கரியை அவளே சலித்துத் தருவாள், கிண்டலும் சேர்த்துத் தருவாள். கல்யாணமான அந்த முதல் வருடங்கள் போல இனி வராது.

சத்தியத்தை உடைக்க வைத்தவர் எங்கள் கராஜில் தகர வேலை செய்த பாஸ். முதலாளி இல்லை, கைத்தொழில் தெரிந்தவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். சிங்களவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். சுத்தியலைக் கையில் எடுக்கும் முன் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். எந்த விமானம் என்று கேட்டதில்லை. யுத்த காலத்தில் ஒருநாள் கராஜுக்குள் பொலிஸ் வந்து என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, "இது என்ட ஆள்" என்று குறுக்கே வந்து நின்றவர் அவர். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அன்று இரவு நான் எங்கே படுத்திருப்பேன் என்று தெரியாது.

வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போக அவர் தீர்மானித்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் அனுப்பியது என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மேலே கிபிர் படம்.

"ஆறு வருசம் தம்பி இதுக்கு வேல செஞ்சது. என்ட கை இப்ப ஆடுது. நீ செஞ்சு குடு. புதுசா வேணாம். நான் பார்த்த மாதிரி, வேல செஞ்ச ப்ளேன் மாதிரி."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கராஜிலேயே உட்கார்ந்து, சோற்றுப் பார்சலை ஒரு பக்கமும் சிறகை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு கட்டினேன். வீடு பத்து நிமிட நடை. தினமும் மதியம் போகிறவன், வேலை அதிகம் என்று பொய் சொன்னேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். சொல்லச் சொல்ல அது பழகிப்போனதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கட்டி முடித்து, அழுக்குப் பூசி, பெருமையோடு பாஸிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, இது என்ன? துருவா? ஏரோப்ளேன் துரு பிடிக்கிறது இல்ல. அலுமினியம்!"

அசடு வழிந்தேன். ஆணிக்கு ஆணி ஒழுகும் சிவப்புக் கோடுகளைச் சிறகு முழுக்க இழுத்து வைத்திருந்தேன். ஏன் என்று பிறகுதான் உறைத்தது. நான் பிறந்தது லயத்துக் கூரைத் தகரத்துக்குக் கீழே. படுத்தால் கண்ணுக்குத் தெரிவது ஆணியைச் சுற்றி வடியும் துருதான். பழைய உலோகம் என்றாலே எனக்கு அந்தச் சிவப்பு. ஜெட்டுக்கு லயத்துக் கூரையைப் போர்த்தியிருந்தேன். அலுமாரியில் நின்றவை எல்லாமே அப்படித்தான் என்பது ஞாபகம் வந்து இன்னும் அசிங்கமாகிவிட்டது. துருவைச் சுரண்டி எடுத்தேன். மெக்கானிக்குகள் ஏறி நடந்து தேய்ந்த இடம், எரிபொருள் சிந்திய இடம், கரி படியும் இடம் என்று பாஸ் விரலால் காட்டினார். மேல்பக்கம் முழுவதையும் அவர் சொன்னபடி செய்தேன். அடிப்பக்கத்துக்கு அவரைக் கேட்கவில்லை. இயந்திரம் என்றால் கீழே எண்ணெய் வடியும் என்பது எங்கள் வேன்களில் பார்த்ததுதானே. சாயத்தால் கறை கறையாகப் போட்டேன்.

அந்த வாரம் ஒரு மதியம், அடைமழை. குடையும் சாப்பாட்டுத் தூக்குமாக அவள் கராஜ் வாசலில் வந்து நின்றாள். பதினைந்து நாளாக வீட்டில் சாப்பிடாதவனுக்குச் சூடாகக் கொடுக்க வந்திருந்தாள். பாஸ் அன்று லீவு. கிபிர் என் கையில் இருந்தது. கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் இதுதான்.

ஏதேதோ உளறினேன். பாஸ் கேட்டார், மறுக்க முடியவில்லை, வீட்டுக்குள் வராது, இன்னும் என்னவோ. அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். உடைத்துவிடுவாள் என்று நினைத்தே கொடுத்தேன். உடைத்தால் உடைக்கட்டும், அதோடு முடிந்தால் சரி என்று இருந்தது.

அவள் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்தாள். கராஜுக்குள் வெயில் ஏது. ஆனாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"வயித்துல ஏன் இவ்வளவு அழுக்கு?"

"எண்ணெ வடியும்ல..."

"இல்ல. அழுக்கே இருக்காது. வெயில் பட்டா மின்னும்." தூக்கிய கையை இறக்கவில்லை. "சத்தம் கேட்டா எல்லாரும் பங்கருக்குள்ள ஓடுவோம். எனக்கு அப்ப ஒம்பது வயசு. ஒருநா நான் ஓடல. வெளிய நின்னு பாத்தேன். அண்ணன் தலமயிரப் புடிச்சு உள்ள இழுத்துச்சு. உள்ள எல்லாரும் அழுவுறாங்க. எனக்கு மட்டும், எவ்வளவு வடிவா இருக்குன்னுதான் மனசுல ஓடுச்சு. குண்டு போட வர்றத பாத்து வடிவுன்னு நெனச்சேங்க நான். அத கட்டாதீங்கன்னு சொன்னது பயத்துல இல்ல. வெக்கத்துல."

அழகை வடிவு என்று எங்கள் பக்கத்தில் சொல்வதில்லை. மனம் கலங்கினால் அவளுக்குக் கிளிநொச்சிப் பேச்சு வந்துவிடும். நான் அவள் கையைப் பிடித்தேன். மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

"தொடைங்க" என்றாள்.

சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். வெளிர் சாம்பல் நிறம் அடித்து, கார்களுக்குப் போடும் பொலிஷ் போட்டுத் தேய்த்தேன். அடுத்த இரண்டு மதியமும் அவள் வந்து பக்கத்தில் நின்றாள். "இன்னும்" என்பாள், தேய்ப்பேன். கடைசியில் மேல்பக்கம் உழைத்துக் களைத்த விமானம், அடிப்பக்கம் கண்ணாடி. விஷயம் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் பார்த்ததுதான் சரி என்று விட்டுவிட்டேன்.

கிராமத்துக்குப் போகும் முன் ஞாயிற்றுக்கிழமை பாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவளே வீட்டுக்குள் எடுத்துவந்து மேசையில் நிறுத்தியிருந்த கிபிரைக் குனிந்து பார்த்தார். சிறகில் தேய்ந்த இடத்தை விரலால் தொடாமல் தொட்டு, "இங்கதான் நான் கால் வைக்கிறது" என்றார். பிறகு எடுத்துத் திருப்பினார்.

அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இது ஆர் உனக்கு சொன்னது?"

"ஏன் பாஸ், பிழையா?"

"சரி! எல்லாரும் கீழ அழுக்கு போடுவாங்க. பறக்க முந்தி ஒவ்வொரு தடவையும் நான் கழுவினது. எண்ணெ இருந்தா நெருப்பு பயம். சோப் போட்டு, துணி போட்டு. கண்ணாடி மாதிரி." சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "மத்த ஆளுங்க சிரிக்கிறது. மேல போன பொறகு உன்ட வேலய ஆர் பாக்குறதுன்னு கேக்குறது."

அவள் தேநீர்க் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

"நாங்க பாத்தோம் பாஸ்" என்றாள். "நல்லா கழுவியிருந்தீங்க."

அவர் நிமிர்ந்தார். அவள் எங்கே பிறந்தவள் என்று நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

"நங்கி... தங்கச்சி, நீ எங்க?"

"கிளிநொச்சி."

"அப்ப எத்தன வயசு?"

"ஒம்பது."

பாஸ் விமானத்தை மெதுவாக மேசையில் வைத்தார். எழுந்து, என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு வாசலைத் தாண்டினார். அவள்தான் கிபிரை எடுத்து அதன் பெட்டியில் வைத்து மூடி, படியிறங்கி அவர் பின்னாலேயே போனாள்.

"மறந்துட்டுப் போறீங்க பாஸ்."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.