ஸ்கொட்லாந்துப் பாட்டில எதுகை தேடின கதை

யாழ்ப்பாணத்தில பதினொரு வருசம் தமிழ் படிப்பிச்ச நான், நியூசிலாந்தில ஒக்லாந்துக்கு வந்து த்ரீ கிங்ஸ் எண்ட இடத்துச் சுப்பர்மார்க்கெற்றில சாமான் அடுக்கினன். திரும்பவும் ரீச்சராகிறதெண்டால் இங்க ஆங்கிலம் படிப்பிக்கிற பயிற்சியில தேறோணும். அதின்ர கடைசிச் சோதனை, மவுண்ட் ஆல்பர்ட் பள்ளிக்கூடமொண்டில ஒரு பாடம் எடுக்கிறது. கடைசி வரிசை வாங்கில பரிசோதகர் அம்மா ஒராள் புள்ளி போட இருந்தா.

பாடம், ஸ்கொட்லாந்தின்ர பழைய கதைப்பாட்டு ஒண்டு. கடலுக்குப் போன மனுசனுக்காக ஒருத்தி காத்திருக்கிற கதை. கரும்பலகையில எழுதிப்போட்டு, பழக்க தோசத்தில ஒவ்வொரு அடியின்ர தொடக்கத்திலயும் கோடு போட்டன். எங்களுக்கு எதுகை அங்கதானே.

முன்வாங்கிலிருந்த பெட்டை ஒண்டு, "மிஸ், ரைம் கடைசியிலயெல்லோ" எண்டாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பரிசோதகர் என்னவோ எழுதினா. போச்சடா எண்டு நினைச்சன். பிறகு எனக்குக் கோவம் வந்துது. பாட்டு எனக்குத் தெரியாதோ?

"ஓம், பிழை விட்டிட்டன்" எண்டு சொல்லி, கோட்டை அழிச்சன். ரெண்டாம் அடிக்கும் நாலாம் அடிக்கும் கடைசியில போட்டன். பிறகு பலகையைத் திருப்பி வைச்சு, "பாட்டுத் தாளுகளைக் கவிழ்த்து வையுங்கோ" எண்டன். மேசையில தாளம் தட்டினன். முதலடிக்கு நாலு தட்டு, அடுத்ததுக்கு மூண்டு, திரும்ப நாலு, திரும்ப மூண்டு. நான் சொல்ல, அவையள் தட்டிக்கொண்டு திருப்பிச் சொல்லிச்சினம். சின்னனில நாங்கள் பாட்டுப் பாடமாக்கினது அப்பிடித்தான்.

அந்தப் பாட்டில ஒரே வரி மூண்டுதரம் வரும். மூண்டாந்தரம் ஒரு சொல்லுத்தான் மாறும், அதிலதான் மனுசன் செத்துப்போனது விளங்கும். எங்கட ஒப்பாரியும் சொன்னதையே சொல்லிச் சொல்லித்தான் நெஞ்சைப் பிடிக்கும். அந்தச் சொல்லு வந்தவுடன தட்டின கையெல்லாம் தானா நிண்டுது. ஒருதரும் சிரிக்கேல்லை. அரைமணித்தியாலத்தில முழுப் பாட்டும் முப்பது பிள்ளையளுக்கும் மனப்பாடம். என்னைத் திருத்தின பெட்டை எழும்பி நிண்டு, தாள் பாக்காமல் தனியச் சொல்லி முடிச்சாள். எனக்குப் பெருமை தாங்கேல்லை.

மணியடிச்சுப் பிள்ளையள் போக, பரிசோதகர் எழும்பி வந்து, தேறினதெண்டு கையெழுத்து வைச்ச தாளைத் தந்தா. "முப்பது வருசமா இதைப் படிப்பிக்கிறன். எனக்கே இண்டைக்குத்தான் பாடமாச்சு" எண்டா. பிறகு, "இங்க வாறதுக்கு முதல் என்ன வேலை செய்தனீங்கள்?" எண்டு கேட்டா.

"இதே வேலைதான்" எண்டன்.