ஆளில்லாத பெட்டி

ரெஷிட்சா ஊரில் சவேத்தாவைப் போல ஒரு சந்தேகப் பிராணியைப் பார்க்க முடியாது. பால்காரி சிரித்தால் தண்ணீர் கலந்துவிட்டாள் என்பாள். பாதிரியார் நலம் விசாரித்தால், "இவருக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்பாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவள் வளர்ந்த உளவுப் போலீஸ் காலத்தில் சுவருக்கும் காது இருந்தது. நம்பியவன்தான் முதலில் மாட்டினான்.

அவள் நம்பியது ஒன்றே ஒன்று, பெரிய நகரமான டிமிஷ்வாராவுக்கு நேராகப் போகும் புது ரயில். முன்பெல்லாம் நடுவழியில் இறங்கி மாறவேண்டும். இவள் இறங்குவதற்குள் அடுத்த வண்டி கிளம்பிப் போயிருக்கும். இப்போது காலையில் ஏறி, அங்கே ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துவிட்டு, சாயங்காலமே திரும்பி, பக்கவாதத்தில் கிடக்கும் புருஷன் சிமியோனுக்குத் தன் கையால் சூப் ஊட்டினாள். ரயில் நின்றால் வேலையா, புருஷனா என்று ஆகிவிடும்.

அந்த வண்டியில் டிக்கெட் எடுப்பவர்கள் அபூர்வம். டிக்கெட் பரிசோதகரை, ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையேந்துபவரைச் சொல்வதுபோல, ஊரே 'ஞானத்தகப்பன்' என்றுதான் சொல்லும். கையில் கொஞ்சம் காசை அழுத்தினால், டிக்கெட் இல்லாத பிள்ளைகளைக் கரைசேர்த்துவிடுவார். சவேத்தாவும் அவர் பிள்ளைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோட்டுப் போட்ட ஒருவன் முன்பெட்டியில் ஏறினான். வண்டிக்கு இரண்டே பெட்டி; முன்னதில் ஹீட்டர் ரிப்பேர், ஈ காக்கை இல்லை, கூட்டம் முழுக்கப் பின்பெட்டியில்தான். ஜன்னல் வழியே அவன் கையில் பேனாவைக் கண்டதும் பின்பெட்டியிலிருந்த சவேத்தா கத்தினாள்:

"ஐயோ, மேலிடத்து ஆளு! இவன் ஞானத்தகப்பனுக்கே தகப்பன். ஓடுங்க!"

அடுத்த ஸ்டேஷனில் அவன் உள்வழியாகப் பின்பெட்டிக்கு வருவதற்குள், கூட்டம் மொத்தமும் கடைசிக் கதவு வழியே பிளாட்பாரத்தில் குதித்து முன்பெட்டிக்குள் புகுந்துகொண்டது. கால் வீங்கியிருந்த சவேத்தா மட்டும் மிஞ்சினாள்.

"பயப்படாதீங்கக்கா, டிக்கெட் கேக்க வரல. இதுல எத்தனை பேரு போறாங்கன்னு எண்ணத்தான் வந்தேன். ஆளு இல்லன்னா வண்டிய நிறுத்திடுவாங்க. இங்க ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

டிக்கெட் கேட்காத அதிகாரியா! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க வைக்கத்தான் வாயைக் கிளறுகிறான், படுபாவி.

"நான்தான் தனியாப் பேசிக்கிட்டிருந்தேன் தம்பி. இந்த வண்டில எப்பவுமே காத்துதான் போயிட்டு வருது."

"நெசமாவா?"

"என் புருஷன் மேல ஆணை."

அவன் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டான். டிமிஷ்வாராவில் இறங்கியதும் எல்லோரும் அவள் முதுகில் தட்டி, "கெட்டிக்காரிடீ நீ!" என்றார்கள்.

அடுத்த மாதம், ஆளே போவதில்லை என்று சொல்லி ரயிலை நிறுத்திவிட்டார்கள். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியிலேயே தங்கவேண்டும் என்று ஆனபின், சவேத்தா பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிமியோன் கோணிய வாயால் கேட்டான்: "அவ்ளோ கூட்டம் போற வண்டில ஆளே இல்லன்னு எந்தப் பாவி சொன்னான்?"

அவள் கடைசித் துணியைப் பைக்குள் திணித்தாள். கண்ணீர் கொட்டியது.

"அழாத புள்ள," என்றான் சிமியோன். "நீ என்ன பண்ணுவ, பாவம்."