கேழ்வரகுக் குழிக்குள் இறங்காத வெயில்

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். பத்துப் பன்னிரண்டு நாள் விடாமல் காய்ந்தது பாருங்கள், பென்னாகரம் பக்கம் அடைவைத்த கோழி முட்டையெல்லாம் கூமுட்டையாகிப் போயிற்று. இனி பூமி இப்படித்தான் இருக்கும், குழியில் போட்ட கேழ்வரகு வெந்துவிடும் என்று எங்கள் ஊரில் கிளப்பிவிட்டார்கள்.

அப்போதெல்லாம் வாசலில் ஆள் ஆழத்துக்கு மேல் குழி வெட்டி, சுற்றிலும் வைக்கோல் வைத்து, கேழ்வரகைக் கொட்டி, வாயைக் கல்லால் மூடி மண் பூசிவிடுவோம். மூடினபடி கிடந்தால் வருஷக்கணக்கில் கெடாது. திறந்தால் முழுவதையும் வாரியாக வேண்டும். எங்கள் ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்தால் முதல் மழைக்கே பூஞ்சை பிடித்துவிடும். மூன்று பிள்ளைகளுக்கு அடுத்த அறுப்பு வரைக்கும் களி அந்தக் குழியில்தான் இருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்த ஓரகத்தி பயந்துபோய் விடிந்ததும் தன் குழியைத் திறந்து, பாதியை வாரிப் பாறையில் பரப்பிவிட்டாள். உச்சிப்பொழுதில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதில் கை வைக்கச் சொன்னாள்.

"தொட்டுப் பாரு தம்பி, கொதிக்குது. குழிக்குள்ளயே வெந்து போச்சு."

அவர் வந்து எங்கள் குழியையும் திறக்கக் கடப்பாறையை எடுத்தார். பாறையில் வெயிலில் கிடந்தது சுடாமல் என்ன செய்யும் என்று கேட்டேன். பஞ்சாங்கக்காரி சொல்கிறாள், கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஓரகத்தியிடம் கேலி பேசினார்.

எனக்குக் குழியைத் தெரியும். அதன் வாய் குறுகல், நான் ஒல்லி. கல்யாணமான நாள் முதல் இறங்குகிறவள் நான்தான். மார்கழியில் நடுங்கிக்கொண்டு இறங்கினால் உள்ளே கதகதப்பு. சித்திரையில் வேர்த்துக்கொண்டு இறங்கினால் குளிர்ச்சி. மாறுவது குழி இல்லை, மேலே இருந்து நாம் கொண்டுபோகிற உடம்பு. இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான், இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, இறங்கி இறங்கி நானே தெரிந்துகொண்டது.

இப்போது டி.வி.யில் பூமி சூடாகிறது என்கிறார்கள். அதை நான் நம்புகிறேன். அவர்கள் சொல்வது பத்து நாள் கணக்கு இல்லை, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது. அது குழியின் அடியையும் ஒருநாள் தொட்டுவிடும். அன்றைக்கு அடித்தது அந்த வெயில் இல்லை.

திறந்து கிடந்த ஓரகத்தியின் குழிக்குள் முதலில் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தேன். அணையவில்லை, உள்ளே மூச்சுக்குக் காற்று இருந்தது. இறங்கினேன். மேலாகக் கிடந்ததை ஒதுக்கி, முழங்கை புதையக் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஏறினேன்.

"கையை நீட்டுங்க" என்றேன்.

வாங்கி மூடிக்கொண்டார். பிறகு ஓரகத்தி பக்கம் திரும்பினார்.

"சில்லுன்னு இருக்குது அண்ணி."

அவளும் தொட்டாள். பாறையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், வேகவைத்தது தான்தான் என்றாள். உள்ளே இறங்கும்வரை எனக்கும் ஒரு பயம் இருந்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

ஆவணியில்தான் எங்கள் கல்லைப் பெயர்த்தோம். ஒரு மணி கெடவில்லை. அன்றைக்கு அவர் மூன்றாவது உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.