நான் யார் என்று வக்கீல் கேட்டார்

எனக்கு எழுத்துக்கூட்டி எழுதத் தெரியும். அதற்கு மேல் படிப்பில்லை. பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் நாங்கள் சோரியாங்குப்பத்தில் இருந்தபோது ஒரு மேர் தேர்தல் வந்தது. மேர் என்றால் பாகூர் கொம்யூனுக்கே, அதாவது பாகூரும் சுற்று ஊர்களும் சேர்ந்த வட்டாரத்துக்கே தலைவர். அந்தத் தேர்தலில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

முந்தின தேர்தலில் எங்கள் ஊரில் வைக்கோல்போர் எரிந்தது. ஒருவருக்குக் கால் போனது. அதனால் இந்த முறை ஊர்ப் பெரியவர்கள் ஒன்று சொல்லி அனுப்பினார்கள். நிற்கிற இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பேச வேண்டும். ஊர் கேட்டுவிட்டு முடிவு செய்யும். இரண்டு பேரும் சரி என்றார்கள்.

ஒருவர் புதுச்சேரி வக்கீல். இன்னொருவர் எங்கள் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர். அவர் நிலத்தைத்தான் நாங்கள் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்தோம்.

திரௌபதியம்மன் கோயிலுக்கு எதிரே, வருஷா வருஷம் கூத்து நடக்கிற இடத்தில் பந்தல் போட்டார்கள். பெண்களுக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் போய்ப் பின்னால் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தார். கூத்தில் அவர் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவர். ராஜா திரையை விட்டு வந்து, ‘நான் யார்?’ என்று கேட்பார். கட்டியங்காரன் கிண்டலாகப் பதில் சொல்லிச் சபையைச் சிரிக்கவைக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அவருக்கு அதே வேஷம். வீட்டில் பேசுவது குறைவு.

வக்கீல் முதலில் எழுந்தார். கோட்டுப் போட்டிருந்தார். மேடையின் இரண்டு பக்கமும் அவருடைய ஆட்கள் கம்போடு நின்றார்கள். அவர் ஒரு கையைத் தூக்கினார். கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“மகா ஜனங்களே! நான் யார்?” என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார்.

“அத நீங்கதான் சொல்லணும் மகாராஜா! எனுக்கு இன்னா தெரியும்?”

என் வீட்டுக்காரர் குரல். கூத்துக் குரல். எட்டு வீடு தாண்டிக் கேட்கும்.

ஊரே சிரித்தது. குழந்தைகள் எழுந்து நின்று கைதட்டின. காவலுக்கு வந்திருந்த சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வேண்டுமென்று சொல்லவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கம்பு வைத்திருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர்களில் ஒருவன் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வக்கீல் அதற்குப் பிறகு நெடுநேரம் பேசினார். சுதந்திரம், சமத்துவம் என்றார். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் கூட்டம் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

பண்ணைக்காரர் மேடை ஏறவில்லை. கீழேயே நின்று பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். என் நெலம் எங்க இருக்குதுன்னு தெரியும். உங்க வூடு எங்க இருக்குதுன்னு எனுக்கும் தெரியும். அவ்ளோதான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மடியில் குழந்தை வைத்திருந்தவர்கள் இழுத்து அணைத்துக்கொண்டார்கள். போகும்போது பண்ணைக்காரர் என் வீட்டுக்காரர் தோளில் தட்டிவிட்டுப் போனார். அதையும் அந்தக் கம்புக்காரன் பார்த்தான்.

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

“வக்கீலு நல்லாத்தான் பேசுனாரு. இன்னா பேசுனாருன்னுதான் புரியல.”

“பண்ணைக்காரரு?”

“அவுரு பேசுனது நல்லா புரிஞ்சிதுடி. அதான் வேகமா நடக்கறேன்.”

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “இன்னாய்யா இப்படிப் பண்ணிட்ட?”

“அங்க கேட்டா இங்க தானா வருது. நான் இன்னா பண்ணட்டும்?” என்றார்.

மறுநாள் பண்ணைக் காரியக்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

“நல்ல வேல பண்ணினபா. ஐயாவுக்கு ரொம்ப சந்தோஷம். வெள்ளிக்கெழம பாகூர்ல வக்கீலு பேசறாரு. வண்டி அனுப்பறோம். முன்னாடி குந்திக்கினு அதே மாரி போடு.”

“அது ஏதோ வாய் தவறி வந்துதுங்க.”

“அங்கயும் தவறட்டும்.” வயல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். போய்விட்டார்.

அன்றைக்கே நான் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “தங்கச்சி, வக்கீலு ஆளுங்க வந்து கேட்டானுங்க. கட்டியங்காரன் வூடு எதுன்னு. பண்ணைக்காரரு காசு குடுத்துச் சொல்ல வெச்சாருன்னு பேசிக்கிறானுங்க. நான் தெரியாதுன்னுட்டேன். மத்தவங்க அப்டி சொல்லுவாங்களா தெரியாது.”

எண்ணெயைக் கையில் வாங்கியது நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது நினைவில்லை.

பாகூருக்குப் போனால் வக்கீல் ஆட்கள் விட மாட்டார்கள். போகாவிட்டால் நிலம் போகும். வண்டிச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிடுவோம்.

திரௌபதியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற சமயம் அது. தீ மிதிக்கிறவர்கள் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டினால் தீ மிதிக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. அம்மன் விஷயத்தில் பண்ணைக்காரரும் வாய் திறக்க மாட்டார்.

“காப்புக் கட்டிக்கயா,” என்றேன்.

அவர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். “எல்ல தாண்டக் கூடாதுடி. அவனுங்க அடிக்க வந்தா ஆத்த தாண்டி ஓடவும் முடியாது.”

அது எனக்கும் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமை. தேர்தல் தகராறு என்றால் எங்கள் ஊர் ஆம்பிளைகள் அங்கேதான் ஓடுவார்கள்.

“நெலம் போனா எங்க போவோம்?” என்றேன்.

கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. வண்டிக்காரன் கயிற்றைப் பார்த்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வக்கீல் ஆட்கள் வந்தார்கள். நாலு பேர். அக்கம்பக்கத்தில் கதவுகள் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. என் வீட்டுக்காரர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. நான் ஓடிப்போய் அவருடைய கையைத் தூக்கிக் காட்டினேன்.

“காப்புக் கட்டியிருக்காரு சாமி. அம்மா காப்பு.”

வயதானவன் ஒருவன் கம்பைக் கீழே இறக்கினான். “வாணாம்டா. பாவம் புடிக்கும். போலாம்,” என்றான்.

கூட்டத்தன்று பார்த்துக்கொண்டிருந்தவன் கிட்டே வந்தான்.

“கையிலதான கட்டியிருக்கான்? கைய தொடாதீங்க. வாயில ஒண்ணும் கட்டலயே.”

கம்பின் நுனியால் ஒரே குத்து.

முன்பல் இரண்டும் போயின, மேலுதடு கிழிந்தது. அவர் கையை உயர்த்தக்கூட இல்லை. அவர்கள் போனபிறகு தண்ணீர் கொண்டுவந்தேன். ரத்தத்தைத் துப்பிவிட்டு, “போயிட்டானுங்களா?” என்றார். சொல் குழறியது.

“போயிட்டானுங்க.”

சாயங்காலம் காரியக்காரர் வந்தார். பண்ணைக்காரர் என்ன நினைக்கிறார் என்று சொல்லத்தான் வந்திருப்பார். என் வீட்டுக்காரருடைய வாயைப் பார்த்தார். “ஒடம்ப பாத்துக்க,” என்று மட்டும் சொன்னார். இனி இந்த வாய் அவர்களுக்கு உதவாது என்று தெரிந்துகொண்டார். நிலம் இனி எங்களுக்கு உண்டா இல்லையா என்று பேச்சே எடுக்கவில்லை.

கஞ்சியை நன்றாக ஆறவைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பாதி வெளியே வழிந்தது. தெருவில் ஒரு வண்டி போனது. இரண்டு பேரும் காதைக் கொடுத்தோம். நிற்காமல் போய்விட்டது. மறுபடி ஊற்றினேன்.