பொட்டு வைத்துக்கொண்ட ஜப்பான் நடிகர்

ஃபிரேம் கடையில் வேலை பார்ப்பவன் படத்தைப் பார்ப்பதில்லை; அதன் நாலு மூலையைத்தான் பார்ப்பான். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது புரியும். மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில் மூன்று வருடம் அப்படி நின்றேன். முதலாளி கிரெக், நான், மலர் அக்கா, அவ்வளவுதான் கடை. என் விசா கிரெக்கின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்த அக்காவுக்கோ தற்காலிக விசா. அவர் கையில் இருந்த ஒரே வேலை இந்தக் கடைதான். இப்போது நான் குவேக்கர்ஸ் ஹில்லில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் எங்காவது மரத்தூள் வாசனை வந்தால் மனசு அந்தக் கடைக்கே ஓடுகிறது.

வாளும் கயிறும்

பிரையன் எங்கள் வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற நாடக ஆசிரியர். ஒரு நாள் பழைய ஜப்பானியப் படம் ஒன்றைக் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்தார். மரக்கட்டையில் செதுக்கி, ஒவ்வொரு நிறமாக அச்சடித்த படம். முதுகுக்குப் பின்னால் தீ, ஒரு கையில் வாள், மறு கையில் கயிறு, முறைக்கும் கண். எமதர்மராஜா ஜப்பானுக்கும் போயிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். பிரையன் சிரித்தார். இது சாமி இல்லை, சாமி வேஷம் கட்டிய நடிகர் என்றார். இந்த வேஷத்தில் அவர் மேடையில் நின்றால் சனங்கள் காசு எறிந்து கும்பிடுவார்களாம். வீட்டில் வைத்துக்கொள்ள ரசிகர்கள் இப்படிப் படம் வாங்குவார்களாம்.

எனக்கு ஆச்சரியமே இல்லை. சினிமாவில் முருகனாக நடித்தவரைக் காலண்டரிலிருந்து வெட்டி பூஜை அலமாரியில் ஒட்டிய வீட்டிலிருந்து வந்தவன் நான். கவுன்ட்டரில் இடமில்லாததால் படத்தை அட்டையோடு நாற்காலிக்குக் கீழே வைத்தேன். மலர் அக்கா ஓடி வந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "நடிகனோ சாமியோ தம்பி, வாளும் கயிறுமா நிக்கிறவரைக் கதிரைக்குக் கீழ வைக்காதேங்கோ."

நல்ல சாமியா?

அடுத்த நாள் சென்னைக்காரப் பெண் ஒருவர் பிள்ளையார் படம் வாங்கிப்போக வந்தார். கூட வந்த மகள், மேசையில் கிடந்த ஜப்பான்காரரைப் பார்த்துவிட்டு, இவர் நல்ல சாமியா கெட்ட சாமியா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மா எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "முறைச்சாலும் நல்ல சாமிதான்டி, உங்க அப்பா மாதிரி."

யார் வைத்தது?

எங்கள் கடையில் தமிழ் வாடிக்கையாளர்களுக்கு ஒரு தனி உபசாரம் உண்டு. சாமி படங்களுக்கு ஃபிரேம் போட்டு முடித்ததும் மலர் அக்கா கண்ணாடியைத் துடைத்து, சாமி நெற்றிக்கு நேரே சந்தனமும் குங்குமமும் வைப்பார். வாங்க வந்தவர்கள் முகம் மலர்ந்துபோகும். மற்ற வாடிக்கையாளர்களின் படத்தில் விரல் நுனி பட்டாலும் அன்றே வேலை போய்விடும் என்று கிரெக் சொல்லி வைத்திருந்தார்.

ஜப்பான் படம் தயாரான அன்று அக்கா குங்குமச் சிமிழோடு வந்து, இதற்கும் வைக்கவோ என்று என்னைக் கேட்டார். நான் வேறொரு ஃபிரேமின் மூலையை உரசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வைங்கக்கா என்றேன்.

சனிக்கிழமை காலை கிரெக் அதைப் பார்த்தார். பழைய காகிதத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொடியா, யார் வைத்தது என்று கேட்டார். என் வாய் திறக்கவில்லை. கையெழுத்தாகாத என் விசாக் கடிதம் அவர் மேசையில் கிடந்தது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. நான்தான் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். பிரையன் வரட்டும், அவர் ஒரு வார்த்தை குறை சொன்னாலும் நீ கிளம்பலாம் என்றார் கிரெக். அந்த அரை மணி நேரம் என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. வைக்கச் சொன்னவன் நான்தானே.

பிரையன் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அக்கா முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொட்டு எதற்கென்று கேட்ட பிரையனுக்கு நான் விளக்கினேன். அதற்கு மட்டும் எனக்கு வாய் வந்தது. அவர் கிரெக் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நான் வாங்கினதிலிருந்து எல்லாரும் இவரை நடிகராத்தான் பார்த்தாங்க. இன்னைக்குத்தான் ஒருத்தர் வேஷத்தை நம்பியிருக்காங்க."

வேஷம் கலைந்தது

இரண்டு மாதம் கழித்து பிரையன் அதே படத்தைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டாராம். வேஷம் கலைந்துவிட்டது, மறுபடி மேக்கப் போட வேண்டும் என்றார். கிரெக்கே சிரித்துக்கொண்டு மேசையில் இடம் ஒதுக்கினார்.

அக்கா சிமிழை எடுத்து வந்தார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அதுவரை என்னிடம் ஒரு சொல்கூடக் கேட்டதில்லை. சிமிழைத் திறந்து, கிரெக்கும் பிரையனும் பார்த்துக்கொண்டிருக்க, என் பக்கம் நீட்டினார். "இந்தமுறை நீங்கள் வையுங்கோ தம்பி, எல்லாருக்கும் முன்னால."

மூன்று வருடத்தில் ஆயிரம் மூலைகளைப் பொருத்தியிருப்பேன். நடுவில் ஒரு முகம் இருப்பது, பொட்டு வைத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அதுவும் என்னையே முறைத்துக்கொண்டு.